ரெண்டு வருஷத்துக்கு ஒரு பட்டம்

செகந்திராபாத் பக்கத்தில் மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு சுவருக்கு ரெண்டு வீடு. குணசேகரன் வீட்டில் அடி விழுந்தால் என் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும். யார் மேல் விழுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கமலம் மேல் விழுந்தால் அவள் வாய் திறக்க மாட்டாள், பாத்திரம் மட்டும் உருளும். மகன் கிரி மேல் விழுந்தால் அவன் தெலுங்கில் திட்டுவான். மகள் ஷர்மிளா மேல் அதுவரை விழுந்ததில்லை.

2011 ஜூன் மாதம் விழுந்தது கிரி மேல். பெல்ட் அடி. வெயிலுக்கு அஸ்பெஸ்டாஸ் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்த மத்தியானம். எது கூரை, எது பெல்ட் என்று முதலில் எனக்கே விளங்கவில்லை. கிரிக்கு இருபத்திநாலு வயது. ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்குகிற கார் ஓட்டினான். பத்தாவது பரீட்சையை அஞ்சாவது தடவை எழுதி அஞ்சாவது தடவையும் கணக்கில் போய்விட்டான்.

கார் ஓட்டுகிறவனுக்குப் பத்தாவது எதற்கு என்று கேட்கலாம். சொல்கிறேன். லைனில் வேலை பார்க்கிறவர்களுக்கு ரயில்வேயில் அப்போது ஒரு வழி வைத்திருந்தார்கள். ஐம்பது தாண்டி, ஐம்பத்தேழு ஆவதற்குள் தானாக வேலையை விட்டால், பெற்ற பிள்ளைக்கு அதே வேலை. பிள்ளை பத்தாவது தேறியிருக்க வேண்டும். மூட்டை தூக்கி ஓடிக் காட்ட வேண்டும். நான் அப்படித்தான் விட்டேன். கேங்குக்கு மேஸ்திரியாக இருந்த என் வேலைக்குப் பதிலாக என் மகன் பத்ரி கேங்மேன் ஆனான், வீடும் அவன் பேருக்கு மாறியது, நான் அதே கட்டிலில் படுத்துக் கிடக்கிறேன். குணசேகரனுக்கு ஜனவரி வந்தால் ஐம்பத்தேழு. அதற்கப்புறம் இந்த வழி அடைபட்டுப் போகும். அறுபதில் சும்மா ரிட்டையர் ஆகி, வீட்டைக் காலி செய்து, சொந்த ஊரான ஜோலார்பேட்டைக்குத்தான் போக வேண்டும். ஜோலார்பேட்டையில் அவனுக்கு இருந்தது அண்ணன் தம்பி வழக்கில் கிடக்கிற ஒரு சுவர்.

குணசேகரன் கீமேன். விடிகிற நேரத்தில் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு, பச்சையும் சிவப்பும் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவான். போக நாலு மைல், வர நாலு மைல். ஒவ்வொரு கட்டையாகப் பார்த்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற இரும்புச் சாவி ஆடினால் அடித்து இறுக்குவான். லைனில் விழுந்து செத்தவனை முதலில் பார்க்கிறதும் கீமேன்தான். கையைத் தனியாக, காலைத் தனியாகக் கோணியில் எடுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கேழ்வரகுக் களி தின்பான். முதல் வருஷம் வாந்தி எடுத்தான். அப்புறம் இல்லை.

என் கேங்கில் எட்டு வருஷம் இருந்தவன். வண்டி வருகிறது தெரியாமல் தண்டவாளத்தில் குனிந்து நின்ற ஆளை நான் ஸ்பேனரால் முதுகில் அடித்துத் தள்ளியிருக்கிறேன். குணசேகரனையே ஒரு தடவை இடுப்பில் உதைத்திருக்கிறேன். வண்டி போன பிறகு எழுந்து வந்து எனக்கு பீடி கொடுத்தான். லைனில் சொல்லிப் புரியவைக்க நேரம் கிடையாது. முதலில் அடி, அப்புறம் பேச்சு. அதை அவன் வீட்டுக்குள்ளும் கொண்டு போனான். வீட்டில் வண்டி எதுவும் வரவில்லையே என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. நானும்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து இரானி கடையில் சாயைச் சாசரில் ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"அஞ்சு தபா மேஸ்திரி. இவன் இனிமே தேற மாட்டான்."

"பொண்ணு கீதே. அது பத்தாவது பாஸ்தான?"

"அது காலேஜ்ல கீது."

"அதான் தெனம் பாக்கறனே, பைய மாட்டிக்கினு போறத. இன்னா படிப்பு அது?"

"பி.காமும் பி.பி.ஏ.வும். ரெண்டும் ஒண்ணா. நாலு வருஷத்துக்கு ரெண்டு பட்டம்."

"எத்தினி வருஷம் ஆச்சி?"

"ரெண்டு முடிஞ்சிபோச்சி."

"அப்ப ஒரு பட்டம் வந்தாச்சின்னு சொல்லு" என்றேன்.

அவன் சாசரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நாலுக்கு ரெண்டு என்றால் ரெண்டுக்கு ஒன்று. நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவன், ஆனால் அந்தக் கணக்கு எனக்கு வரும்.

"ரெண்டு பொட்டி கோத்த வண்டிடா அது. கப்ளிங்க அவுத்தா மின்னாடிப் பொட்டி தனியா நிக்கும். ஒரு பட்டத்த வாங்கிக்கினு வந்து வேலைல சேரட்டும். பொம்பளப் புள்ளைக்கு ரெண்டு பட்டம் இன்னாத்துக்கு? ஒண்ணு தலைக்கு, ஒண்ணு காலுக்கா?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஷர்மிளாவுக்குச் சொல்லவில்லை. காலேஜ் பிள்ளைகளுக்கு ரயில்வேயில் பாஸ் உண்டு. அதற்கு என்று சொல்லி வேலை மனுவில் கையெழுத்து வாங்கினான். அவளும் என்ன காகிதம் என்று பார்க்காமல், தலை சீவிக்கொண்டே போட்டாள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம். நாலு வீடு தள்ளியிருக்கிற குழாயிலிருந்து ரெண்டு குடத்தை ஒரே நடையில் கொண்டு வருவாள். நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் ஹிந்தி. அப்பாவைக் கூப்பிடுவதும் தெலுங்கில் நான்னா என்றுதான். அந்த வருஷம் காலேஜில் ஏதோ எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள் என்று, கிரி காரை விட்டுவிட்டு வருகிற விடியல் நேரத்தில் அவனோடு போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்வந்தாள். கமிஷன் மண்டிக்காரர்களிடம் நின்று கேள்வி கேட்டு நோட்டில் எழுதுவாள்.

"தக்காளிய எண்ணறதுக்கா காலேஜி?" என்பான் குணசேகரன்.

"எண்ணல நான்னா. காலைல ஆறு மணிக்கு ஒரு வெல, ஒம்போது மணிக்குப் பாதி வெல. எதுக்குன்னு பாக்கறேன்."

"அழுவுது, அதான் பாதி. இத்தச் சொல்றதுக்கு நான் போதுமே."

"எது அழுகுது, யாரு கைல அழுகுது, அந்த நஷ்டம் யாரு தலைல போகுது? சொல்லுங்க."

"வாங்கறவன் தலைல."

"தப்பு. பயிரு வெச்சவன் தலைல" என்றாள். கமலம் அடுப்படியில் இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. அந்த வீட்டில் அவள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்ட நாட்கள் கம்மி.

மகள் காய்கறிக் கழிவை ஒரு பையில் போட்டு எடுத்து வருவாள். கமலம் அதில் கெட்டதை நறுக்கி எறிந்துவிட்டுக் குழம்பு வைப்பாள். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வரும்.

நவம்பர் முதல் வாரம் கார்டு வந்தது. இருபத்திமூணாம் தேதி காலை ஒன்பது மணிக்கு செகந்திராபாத் மைதானத்தில் ஷர்மிளா வந்து ஓடிக் காட்ட வேண்டும் என்று. தபால்காரன் அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.

சுவர் அதிர்ந்தது. இந்தத் தடவை எனக்குத் தெரியாத சத்தம்.

நான் போனபோது அவள் பீரோவில் சாய்ந்து நின்றிருந்தாள். கன்னத்தில் நாலு விரல். கார்டைக் கசக்கிக் கையில் வைத்திருந்தாள்.

"பெரியப்பா, மீரு கூட சைன் சேசாரா?" என்று என்னைக் கேட்டாள். நீயும் கையெழுத்துப் போட்டாயா என்கிறாள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"இருபத்திமூணு எனக்கு எக்ஸாம். அஞ்சாவது செமஸ்டர், மொத பேப்பர்."

"ஒரு பட்டம் வந்தாச்சே, அதோட நிறுத்திக்கோ" என்றான் குணசேகரன். "ரெண்டாவத அப்பால தபால்ல படி. எவன் வேணாம்னான்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். அழுதிருந்தால் அவன் விட்டிருப்பான். சிரித்ததுதான் தப்பு.

"ஒண்ணும் வரல நான்னா. நாலு வருஷம் முடிஞ்சாத்தான் ரெண்டும் வரும். நடுவுல நின்னா சூன்யம். ஜீரோ."

"பொய்."

"அடுகண்டி. காலேஜ்ல போயி அடுகண்டி. கேளுங்க போய்."

அவன் மறுபடி கை ஓங்கினான். கமலம் நடுவில் வந்தாள், அவள் மேல் விழுந்தது. பாத்திரம் உருண்டது.

கேட்டே விடுவோம் என்று மறுநாள் நானும் அவனும் போனோம். குஷாய்குடா போகிற ரோட்டில் மூணு மாடிக் கட்டடம், கண்ணாடிக் கதவு. உள்ளே ஏ.சி. எங்கள் ரெண்டு பேர் செருப்பும் அந்தத் தரையில் ஜல்லிப் பொடியைக் கொட்டிக்கொண்டே போயிற்று. ஆபீசில் உட்கார்ந்திருந்தவர் பெயர் சுந்தரேசன். தமிழ் ஆள். அங்கே இருக்கிற பெரிய சர்க்கார் பேக்டரியில் ரிட்டையர் ஆகிவிட்டு இங்கே வந்து டை கட்டியிருந்தார். தமிழ் ஆள் என்றதும் குணசேகரனுக்குத் தைரியம் வந்துவிட்டது. எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

"எம் பொண்ணு ரெண்டு வருஷம் முடிச்சிட்ச்சி சார். அதுக்கு உண்டான பட்டத்தக் குட்துட்டா இட்டுக்கினு போயிடுவேன்."

"எந்தப் பட்டம்?"

"ரெண்டுல எதுனா. உங்க இஷ்டம்."

சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றினார். "கம்பைண்டு கோர்ஸ்னா என்னன்னு சேரும்போதே சொல்லியிருப்பாளே. காலம்பற காஸ்ட் அக்கவுண்ட்ஸ், மத்தியானம் மார்க்கெட்டிங். எல்லா செமஸ்டர்லயும் ரெண்டும் கலந்துதான் வரும். நாலு வருஷம் முடிச்சா ரெண்டு சர்டிபிகேட்டும் சேர்ந்து வரும். நடுவுல நிறுத்தினா மார்க் ஷீட் மட்டும்தான்."

"நாலுக்கு ரெண்டு குடுக்கறவன் ரெண்டுக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதா? எந்த ஊர் நாயம் சார் இது?"

"இதோ பாருங்க. பொங்கல் வெச்சாச்சு. இப்ப வந்து அரிசியைத் தனியாக் குடு, பருப்பைத் தனியாக் குடுன்னா நான் எங்க போவேன்?"

பக்கத்து மேஜைப் பெண்கள் ரெண்டு பேர் சிரித்தார்கள். குணசேகரன் டையைப் பிடித்து இழுத்தான். இழுத்தது மட்டும்தான் என்று பிற்பாடு சொன்னான். இருபத்தெட்டு வருஷம் சுத்தியல் பிடித்த கை. சுந்தரேசன் நெற்றி கம்ப்யூட்டர் முனையில் போய் மோதிக் கிழிந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு செக்யூரிட்டி ரெண்டு பேர் வந்தார்கள், தடியோடு. நான் தடுக்கத்தான் போனேன். ஒரு அடியில் என் முன்பல் போயிற்று. குணசேகரனைத் தரையில் போட்டு முட்டியிலும் முதுகிலும் அடித்தார்கள். அவன் ஒருத்தன் மணிக்கட்டைக் கடித்துப் பிடித்துக்கொண்டான், விடவே இல்லை.

ஷர்மிளா மாடியில் இருந்து ஓடி வந்தாள். வராந்தா முழுக்கப் பிள்ளைகள் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். அவள் எங்களைப் பார்க்கவில்லை. நேரே சுந்தரேசனிடம் போய், துப்பட்டாவைச் சுருட்டி அவர் நெற்றியில் அழுத்திப் பிடித்தாள். "சார், போலீஸ் ஒத்து சார், வேணாம் சார். ப்ளீஸ் சார்." அவர் துப்பட்டாவை வாங்கித் தானே அழுத்திக்கொண்டார். கடைசியில், "நீ பரீட்சைக்கு வா. இவா ரெண்டு பேரும் கேட்டைத் தாண்டக் கூடாது" என்றார்.

அந்த ஆளை நான் இன்றைக்கும் நம்பவில்லை. காலேஜ் பேர் கெடும் என்று போலீஸைக் கூப்பிடாமல் விட்டிருப்பான். ஆனாலும் விட்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆட்டோவில் வரும்போது நான் சொன்னேன். "நம்ம கணக்கு தப்பாப் போச்சிடா. விட்டுடு."

"எப்பிடி உடறது?" என்றான் அவன். வாயில் இன்னும் அந்த செக்யூரிட்டியின் ரத்தம். "பட்டம் வந்தாலும் வரலைன்னாலும் வூடு வோணும். ஒண்ணும் இல்லாத படிப்ப உட்டா இன்னா நஷ்டம்? நீ சொல்லு."

என் மகன் வேலையில் இருக்கிறான், என் வீடு என்னிடம் இருக்கிறது. எந்த வாயால் சொல்வேன்?

வீட்டுக்குப் போனதும் அவன் அவளுடைய நோட்டுகளைக் கொல்லையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினான். போவன்பள்ளி நோட்டும் அதில் இருந்தது. ஷர்மிளா கையை விட்டு ஒன்றை இழுத்தாள். அவன் அவள் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் வீசினான். கிரி குறுக்கே வருவான் என்று நினைத்தேன். அவன் தங்கச்சியின் ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

"நீ பிடிக்கிறியாரா?" என்று அவள் அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். "நீ கணக்குல பாஸ் ஆகியிருந்தா எனக்கு இது கைக்கு? எதுக்கு?"

கிரி அவளை அறைந்தான். அறைந்துவிட்டு அவனே அழுதான். "என்னாலதான் வீடு போச்சின்னு எல்லாரும் சொல்றதுக்கா? போயேன்டி. ஓடிக் காட்டேன். உன் உடம்புக்கு அது ஒரு விஷயமா?"

கமலம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நெருப்பு அணைந்த பிறகு வந்து, கரிந்த நோட்டுகளைக் கிளறி, நடுப்பக்கம் எரியாமல் தப்பிய ரெண்டை எடுத்துப் புடவையில் துடைத்தாள்.

அதற்கப்புறம் ரெண்டு வாரம் அந்தப் பெண்ணைக் காலேஜுக்கு விடவில்லை. அவளும் சோறு தின்னவில்லை என்று சொல்ல மாட்டேன், தின்றாள். கருவாட்டுக் குழம்பு ஊற்றி ரெண்டு தட்டுச் சோறு தின்றுவிட்டு, தப்பிய நோட்டைப் படித்தாள். அப்பன் பிடுங்குவான். சொல்லிப் பார்ப்பாள், கடிப்பாள், அடி வாங்குவாள், மறுபடி எடுத்துப் படிப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் மருமகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, போய் நிறுத்துங்க" என்றாள்.

"அது அவங்க வூடு" என்றேன்.

இருபத்தோராம் தேதி குணசேகரனுக்கு வார ஓய்வு. காலை ஆறரை. பனி விலகவில்லை. குவார்ட்டர்ஸுக்கும் லைனுக்கும் நடுவில் உள்ள பொட்டலில் அவன் சுண்ணாம்பால் ரெண்டு கோடு போட்டிருந்தான். நூறு மீட்டர். தூக்குகிற மூட்டைக்குப் பதிலாகக் கால்வாசி காஸ் இருந்த சிலிண்டர். ஷர்மிளா அதைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். குணசேகரன் காலில் ரப்பர் செருப்பு, கையில் கொடி சுற்றிய கம்பு. வாளியோடு குழாய்க்கு வந்த பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"ஓடு."

ஓடினாள். முக்கால் தூரத்தில் சிலிண்டர் சரிந்தது. அவன் பின்னாலேயே வந்து கெண்டைக்காலில் கம்பால் போட்டான். "வேணும்னே போடறா. மறுபடி."

ரெண்டாவது தடவை தடுக்கி விழுந்தாள். மோவாய் ஜல்லியில் பட்டுப் பிளந்தது. எழுந்து ரத்தத்தைத் துப்பினாள்.

"எத்தனி தடவை ஓடினாலும் சரி நான்னா, இருபத்திமூணு நான் எக்ஸாம்தான் போவேன். கட்டிப் போட்டாலும் போவேன்."

"தூக்குடி."

"நக்கோ. முடியாது."

கம்பு அவள் தோளில் விழுந்து முறிந்தது. அவள் மண்டி போட்டு, வலது கையைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள். அவன் அந்தக் கை மேல் காலை வைத்தான். வைத்து, பீடியை நசுக்குகிற மாதிரி திருப்பினான்.

"இந்தக் கைதான எழுதணும் எழுதணும்னு துடிக்குது? இது இருந்தாத்தான?"

அப்போதுதான் அந்தப் பெண் முதல் தடவையாக அலறினாள். எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் அலறக் கேட்டிருக்கிறேன், லைனில்.

கமலம் அவனுக்கு டீ கொண்டு வந்திருந்தாள். தூக்கை ஒரு கல் மேல் பார்த்து வைத்தாள், கொட்டாமல். நடந்து வந்து, கிடந்த சிலிண்டரின் வளையத்தை ரெண்டு கையாலும் பிடித்தாள். நான் அவள் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகப் போகிறாள் என்றே நினைத்தேன். நெஞ்சு வரைக்கும் தூக்கினாள். மகளின் கை மேல் இருந்த குணசேகரனின் காலை விட்டுவிட்டு, ஊன்றி நிற்கிற மற்றக் காலைப் பார்த்து, அடிவளையம் படுகிற மாதிரி நேராகக் கீழே போட்டாள்.

ஈரக் கட்டையில் கோடாலி இறங்குகிற சத்தம். அவன் மல்லாக்க விழுந்தான். செருப்பு ஒரு பக்கம் கிடந்தது, பாதம் பாதம் மாதிரி இல்லை.

"கொன்ட்டியேடி, கொன்ட்டியேடி" என்று கத்தினான். கம்பைத் தேடினான். கம்பு ரெண்டாக முறிந்து கிடந்தது. எட்டிப் பிடித்த துண்டால் அவள் முழங்காலில் அடித்தான். அவள் நகரவே இல்லை.

"ஷர்மி, போய் மூஞ்சியக் கழுவு. கைய ஐஸ் தண்ணில வை. வெச்சிக்கினே படி" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒரு ஆட்டோ கூப்புடுங்க. ஆஸ்பத்திரிக்கு."

லாலாகுடா ரயில்வே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போகிற வழியெல்லாம் அவன் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். அவள் தன் முந்தானையைக் கிழித்து அவன் கணுக்காலில் இறுக்கிக் கட்டினாள். அவன் மயங்கிய பிறகுதான் நான் கேட்டேன்.

"தெரிஞ்சேதான் போட்டியாம்மா?"

"நம்ம குவார்ட்டர்ஸ் மங்களம் வூட்டுக்காரருக்கு தண்டவாளம் விழுந்து காலுல மூணு வெரல் போச்சி இல்லண்ணே? இன்னா பண்ணாங்க?"

"லைனுக்கு ஆவாதுன்னு எழுதி ஸ்டோருக்கு மாத்தினாங்க."

"அறுவது வரிக்கும் அதே சம்பளம், அதே வூடு. வாரிசுக்கு வேல குடுக்கறது லைன்ல கீறவனுக்குத்தான. ஸ்டோர்ல கீறவனுக்கு இல்ல." கட்டை இன்னொரு முறை இறுக்கினாள். "மூணு வருஷம் கீது. எம் பொண்ணுக்கு ஒண்ணரை வருஷம் போதும். இவருக்கு எத்தினி வெரல் போவுதுன்னு பாக்கலாம்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த மனுஷியிடம் பன்னிரண்டு வருஷமாகக் குழம்பு வாங்கித் தின்றிருக்கிறேன். அவள் ரூல் தெரிந்து வைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றினதே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் காலில் நாலு விரலை எடுத்துவிட்டார்கள். பாதத்தில் கம்பி வைத்தார்கள். இனி லைன் நடக்க முடியாது என்று டாக்டர் காகிதத்தில் எழுதினார்.

இருபத்திமூணாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணைக்கு ரயில்வேயில் இருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். தெலுங்குக்காரர், தமிழ் தெரிந்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு பேப்பரை விரித்தார். கமலம் தலைமாட்டில் நின்றாள். நான் ஜன்னல் பக்கம்.

"எப்பிடி ஆச்சி?"

"நாந்தான் சார் போட்டேன்" என்றாள் கமலம். "காலப் பாத்துத்தான் போட்டேன். எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். அதை எழுதினால் போலீஸ் கேஸ். இவள் உள்ளே போவாள். குணசேகரன் கூரையைப் பார்த்துக் கிடந்தான். ரெண்டு நாளாக அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஊட்டினால் தின்னவில்லை, நர்ஸ் ஊட்டினால் தின்றான்.

"ஏமய்யா, நிஜமா?"

"அவ இன்னா தூக்குவா?" என்றான் குணசேகரன். "ஒரு கொடம் தண்ணி தூக்கினா முதுவு புடிச்சிக்கும். பொம்பள. காஸ் தீந்துபோச்சின்னு நான்தான் தூக்கினேன், கை வழுக்கிச்சி. எழுதிக்கோ சார்."

"சாட்சி?"

நான் கையெழுத்துப் போட்டேன். ஒரே வருஷத்தில் அந்தக் குடும்பத்துக்காக நான் போட்ட ரெண்டாவது பொய்க் கையெழுத்து.

இன்ஸ்பெக்டர் போன கொஞ்ச நேரத்தில் பத்ரி வந்தான். மைதானத்தில் அன்றைக்கு அவனுக்குத்தான் கயிறு பிடிக்கிற டூட்டி.

"ஷர்மிளா பேர மூணு தடவை கூப்ட்டாங்க" என்றான். "ஆப்சென்ட்னு போட்டுட்டாங்க."

ஷர்மிளா காலையில் எட்டு மணிக்கே பரீட்சைக்குக் கிளம்பிவிட்டாள். மோவாயில் தையல். வலது கையில் ரெண்டு விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. மற்ற மூணு விரலில் பேனா நிற்கிறதா என்று வாசலில் நின்று என் மகன் பேர், என் பேர் என்று எழுதிப் பார்த்தாள். எழுத்து கோணலாகத்தான் வந்தது. கிரி காரில் ஏற்றிக்கொண்டு போனான். அவனோடு அவள் பேசவில்லை, ஆனால் ஏறினாள்.

குணசேகரன் கட்டிலில் புரண்டான். கையை ஊன்றி எழப் பார்த்து, முடியாமல் பல்லைக் கடித்தான். வார்டு பாய் கண்ணில் படவில்லை. கமலம் கிட்டே போனாள்.

"இன்னா, ஒண்ணுக்கா?"

அவன் கையை ஓங்கினான். முழுக் கையும் ஓங்கி, அவள் முகத்துக்கு நேராக நின்றது. பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடி" என்றாள் கமலம். முகத்தை நகர்த்தவில்லை. "அடிச்சிட்டு தோளப் புடி. படுக்கைய நனச்சிட்டா நாந்தான தொவைக்கணும்."

கை இறங்கி அவள் தோளைப் பிடித்தது. சதையில் விரல் புதைகிற அளவுக்குப் பிடித்திருந்தான், அவளுக்கு நிச்சயம் வலித்திருக்கும். அவள் அவன் இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கினாள், ஒரே மூச்சில். ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து, ரெண்டு பேரும் வார்டின் கடைசிக்குப் போனார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. பரீட்சை ஒரு மணிக்குத்தான் முடியும்.